இலங்கையில் இறப்பரும் வல்கனைசுப்படுத்தலும்

வல்கனைசுப்படுத்தல் என்பது, இறப்பர் மரத்தின் பாலில் கிடைக்கும் பல்பகுதியத்தைக் கந்தகத்தால் குறுக்குப் பிணைத்து, டயர், கையுறை முதலிய பொருள்களாக்கும் தொழில். இலங்கையில் இறம்பொடை, ஹட்டன் போன்ற உயர்மலைகள் தேயிலைக்கு உரியவை; இறப்பரோ மழை மிகுந்த தாழ்நிலப் பயிர். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் அது பரவியது. மலையகத்தில் கொழுந்து பறித்தவர்களைப் போலவே, இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களிலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர் பலர்.

வேதியியல்

ஹீவியா எனப்படும் இறப்பர் மரம் ஐந்து காபன் கொண்ட ஐசோப்பிரீன் அலகுகளை ஆயிரக்கணக்கில் தொடுத்து நீண்ட சங்கிலிகளைத் தானே கட்டுகிறது. சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணையாததால் பச்சை இறப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகத்துடன் 140–150 பாகை செல்சியசில் சூடேற்றினால் சங்கிலிகளுக்கிடையே கந்தகப் பாலங்கள் உருவாகும். 100 பங்கு இறப்பருக்கு 2–3 பங்கு கந்தகம் சேர்த்தால் இழுபடும் பொருள். 30 பங்கு அளவில் கடினமான எபொனைற்று. பிணைந்த இறப்பரை மீண்டும் உருக்கி வார்க்க இயலாது. பழைய டயர்கள் சிக்கலான கழிவாவதற்கு இதுவே காரணம்.

வரலாறு

அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் 1839இல் வல்கனைசுப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். இங்கிலாந்தில் தோமஸ் ஹன்கொக்கும் 1840களில் காப்புரிமை பெற்றார். தேவை பெருகவே, பிரேசில் காட்டு மரங்களுக்கு மாற்று தேடப்பட்டது. 1876இல் ஹென்றி விக்காம் ஏறத்தாழ 70,000 விதைகளைக் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அங்கு முளைத்தவற்றில் 1,919 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவை அடுத்த ஹேனரத்கொடையில் நடப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகனங்கள் பெருகியதும் தோட்டங்கள் விரைந்து விரிந்தன. 1909இல் தொடங்கிய ஆய்வு முயற்சியே இன்று அகலவத்தையில் இயங்கும் இறப்பர் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்துள்ளது.

நெடுங்காலம் இலங்கை புகையூட்டிய இறப்பர்த் தாளையும் வெளிர் கிரேப் இறப்பரையும் மூலப்பொருளாகவே ஏற்றுமதி செய்தது. குறுக்குப் பிணைப்பு பிற நாட்டுத் தொழிற்சாலைகளில் நடந்தது. 1952இல் சீனாவுடன் செய்த அரிசி-இறப்பர் உடன்படிக்கையும் பச்சை இறப்பரையே பண்டமாற்றாக்கியது: ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி.

நிலை மாறத் தொடங்கியது 1960களில், சோவியத் உதவியுடன் களனியில் டயர்த் தொழிற்சாலை எழுந்தபோது. பின்னர் கையுறைகளும், பாரந்தூக்கி வண்டிகளுக்கான திண்ம டயர்களும் முக்கிய ஏற்றுமதிகளாயின. ஆனால் 2011இல் ஒன்றரை இலட்சம் தொன்னைத் தாண்டிய இறப்பர் விளைச்சல், 2020 அளவில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. 2019இல் கண்டறியப்பட்ட இலைநோயும் மரங்களைத் தாக்கியது. இதனால், பச்சை இறப்பரை விற்றுவந்த நாடு இப்போது தன் தொழிற்சாலைகளுக்காக அதை இறக்குமதியும் செய்கிறது.