ஊர் வழக்கமா, கிறிஸ்துவின் வழியா?

1745ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் புதுச்சேரியில் நடந்த ஒரு சம்பவத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மாதா கோயிலுக்குள்ளே ஒரு சுவர். ஒரு பக்கம் பறையர் கிறித்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறித்தவர்களும் ஐரோப்பியர்களும். சேரி மக்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம் நியாயம் கேட்டார்கள். கடவுள் வேற்றுமை பார்ப்பதில்லை என்றால் நீங்கள் மட்டும் எங்களை ஏன் ஒதுக்கி வைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. கேட்பது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு அவர் சுவரை இடிக்கச் செய்தார். சாதிக் கிறித்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

இதை எழுதியவர் தலித்தும் அல்லர், கிறித்தவரும் அல்லர். பின்னாளில் பிரெஞ்சுக்காரர்களின் தலைமைத் துபாஷியாக இருந்தவர். நமக்காகப் பரிந்து எழுத வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அதனாலேயே அந்தச் சாட்சிக்கு வலு அதிகம்.

கிறித்தவனாக வாழ்வது என்றால் ஊருக்கு ஒத்துப் போவதல்ல, கிறிஸ்து காட்டிய வழியில் நடப்பது என்று பிரசங்க மேடையில் அடிக்கடி கேட்கிறோம். குடிக்கக் கூடாது, கோள் சொல்லக் கூடாது என்பதோடு அந்தப் பிரசங்கம் முடிந்துவிடுகிறது. இந்த மண்ணில் ஊரின் முதல் எதிர்பார்ப்பு சாதி. அதை மீறியவர் யார், அதற்குப் பணிந்தவர் யார் என்று வரலாற்றைத்தான் கேட்க வேண்டும்.

தரங்கம்பாடிக்குப் போவோம். 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர். அங்கே அச்சான தமிழ்ச் சுவிசேஷத்தைப் படித்து மனம் மாறியவர்களில் ஒருவர் இராஜநாயக்கன். தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர், பறையர். வேலையை விட்டு உபதேசியாரானார். தஞ்சை நாட்டில் ஊர் ஊராக நடந்து, அடியும் மிரட்டலும் தாங்கிச் சபைகளை வளர்த்தார். 1733இல் வெள்ளாளரான ஆரோன் போதகராக அபிஷேகம் பெற்றார். அடுத்து இராஜநாயக்கன் பெயர் பேச்சில் வந்தது. அவருடைய பக்தியையோ உழைப்பையோ யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பறையர் கையால் சாதிக் கிறித்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741இல் தியோகு என்பவருக்கு அபிஷேகம் செய்தார்கள். இராஜநாயக்கன் 1771இல் உபதேசியாராகவே இறந்தார்.

கத்தோலிக்கர் பக்கமும் இதே கதைதான். புதுச்சேரியில் சுவர் இடிபடுவதற்கு ஓராண்டு முன்பு, 1744இல், பறையர்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் இசைவு தந்திருந்தார். ரோமாபுரி வரைக்கும் ஊர் வழக்கம் போய் அனுமதி வாங்கிவிட்டது!

வேதத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. அந்தியோக்கியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியை விட்டு எழுந்தார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். கலாத்தியர் நிருபம் படித்தவர்களுக்குத் தெரியும். பேதுரு அங்கே விசுவாசத்தை மறுக்கவில்லை, பந்தியைத்தான் விட்டார். பவுலுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது.

அந்தக் கண்டிப்பு தமிழ்நாட்டுக்கு வர வெகுகாலம் பிடித்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே முற்றாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதிக் கிறித்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். அவர்கள் யாரும் கிறிஸ்துவை மறுதலிக்கவில்லை. ஞானஸ்நானம் வேண்டும், பாட்டு வேண்டும், பண்டிகை வேண்டும், ஆனால் நம்மோடு ஒரே பாத்திரத்தில் குடிக்க மட்டும் முடியாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே சாதியாசாரத்துக்கு ஆதரவாக எழுதினார். இன்றும் அவர் கீர்த்தனைகளைப் பாடுகிறோம். இதையும் சேர்த்தே அவரை நினைவில் வைக்க வேண்டும்.

1850இல் சென்னை மாகாணத்துச் சீர்திருத்த மிஷன்கள், லைப்சிக் மிஷன் நீங்கலாக, ஒரு முடிவுக்கு வந்தன. ஒருவர் சாதியை விட்டாரா இல்லையா என்பதற்கு வாய்ச்சொல் போதாது. எந்தச் சாதிக் கிறித்தவரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். விசுவாசப் பிரமாணத்தை யாரும் ஒப்பித்துவிடலாம். சேரியில் பொங்கிய சோற்றைத் தின்பதுதான் கடினம். மதுரை அமெரிக்க மிஷனில் இந்தச் சோதனைக்கு உட்பட மறுத்துப் பல உபதேசியார்கள் வேலையை இழந்தார்கள்.

அப்படியானால் ஊரை மீறி நடந்தவர்கள் யார்? பெரும்பாலும் இழக்க நிலம்கூட இல்லாத பண்ணையாட்களே. மிராசுதாரரின் கோபத்துக்கு ஆளாகி, வேலை போய், அடிபட்டுத்தான் அவர்கள் ஞானஸ்நானம் எடுத்தார்கள். "அரிசிக் கிறித்தவர்கள்" என்ற ஏச்சும் அவர்களுக்குத்தான் கிடைத்தது. சாதியையும் சொத்தையும் மரியாதையையும் வைத்துக்கொண்டு கிறிஸ்துவையும் கூட்டிக்கொண்டவர்களுக்கு அப்படி ஒரு பெயர் யாரும் வைக்கவில்லை.

விலை இன்னும் தீரவில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்கள் இன்றும் வெளியே நிற்கிறோம். கோயிலில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழும் நம் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. குற்றம், விசுவாசத்துக்குத் தண்டனை விதிக்கும் சட்டத்தின் மேல். 2008இல் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்க வேண்டி வந்ததே, அந்தக் குற்றம் திருச்சபையின் மேல்.

பிறரைக் கேட்கும் கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்வோம். பறையர் வீட்டுப் பையன் அருந்ததியர் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்றால் நம் சேரியில் என்ன நடக்கிறது? "ஊர் என்ன சொல்லும்?" என்று நம் வாயிலிருந்தும் வருகிறதே! அன்று இராஜநாயக்கனைத் தள்ளி வைத்ததும் அதே மூன்று சொற்கள் அல்லவா?

புதுச்சேரிச் சேரி மக்களிடம் பதவியும் இல்லை, பணமும் இல்லை. கேட்ட சுவிசேஷத்தை உள்ளபடியே நம்பினார்கள், நம்பியதைப் போய்க் கேட்டார்கள். நம் வீட்டுப் பந்தியில் இன்னும் யாருக்கு இலை போடவில்லை என்று பார்ப்பதிலிருந்து நாமும் தொடங்கலாம்.