வீட்டில் பேசும் மொழி எது?

கலிபோர்னியாவில் அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போனால், நிரப்பித் தரச் சொல்லும் தாள்களுக்கிடையே நான்கு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கும். பிள்ளை பேசத் தொடங்கியபோது கற்ற மொழி எது, வீட்டில் அது அதிகம் பேசும் மொழி எது, பெற்றோர் அதனிடம் பேசும் மொழி எது, வீட்டுப் பெரியவர்கள் பெரும்பாலும் பேசும் மொழி எது. ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியை எழுதினால், 30 நாட்களுக்குள் பள்ளி அந்தப் பிள்ளையின் ஆங்கிலத்தைச் சோதித்தாக வேண்டும். போதாது என்று தெரிந்தால், கற்பிக்கும் பொறுப்பு பள்ளியுடையது. குடும்பத்தோடு வெளிநாடு கிளம்புகிறவர்களிடம் நம்மூரில் சொல்வது வேறு: "சின்னப் பிள்ளைதானே, ஆறு மாசத்தில் தானாகப் பிடித்துக்கொள்ளும்." ஒரு பெரிய நகரத்தின் பள்ளிகள், ஆயிரக்கணக்கான பிள்ளைகளை இந்த நம்பிக்கையின் தலையில் கட்டிவிட்டு இருந்த காலம் உண்டு. அதன் விளைவு நீதிமன்ற ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. அந்த வரலாற்றைப் படித்தால், புது மொழி வாய்ப்பது பிள்ளையின் வயதைவிடப் பள்ளி ஏற்கும் பொறுப்பைப் பொறுத்தது என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது.

அந்த நகரம் சான் பிரான்சிஸ்கோ. சீனப் பிள்ளைகளுக்கும் அதன் பள்ளிகளுக்கும் இடையே இருந்த வழக்கு பழையது. மேமி டேப் என்ற சிறுமி சீனப் பெற்றோருக்குப் பிறந்தவள் என்பதற்காக 1884இல் அவளைச் சேர்க்க ஒரு பள்ளி மறுத்தது. அவள் அந்நகரிலேயே பிறந்தவள், ஆங்கிலம் பேசி வளர்ந்தவள். சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1885இல் தீர்ப்புச் சொன்னது. உடனே சட்டமன்றம் தனிப் பள்ளிக்கு வழிசெய்து சட்டம் போட்டது. சிறுமி அங்கேதான் போய்ச் சேர்ந்தாள். அன்று ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்குக் கதவு திறக்கவில்லை. 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் நாட்டுவாரிப் பழைய ஒதுக்கீட்டை எடுத்துவிட்டுக் குடும்பங்கள் ஒன்றுசேர இடம் கொடுத்தபின், கான்டனீஸ் பேசும் குடும்பங்கள் சைனாடவுனுக்கு வந்து சேர்ந்தன. தந்தைக்கு உணவகத்தில் வேலை, தாய்க்குத் தையற்கூடத்தில் வேலை. பிள்ளைகளுக்கு இப்போது பள்ளிக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே போனபின் நடப்பது ஒன்றும் புரியவில்லை.

1970இல் அந்தப் பெற்றோர்கள் பள்ளி மாவட்டத்தின்மேல் வழக்குத் தொடுத்தார்கள். லாவ் எதிர் நிக்கல்ஸ் என்பது வழக்கின் பெயர். ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் 2,856 பேர் என்றும், அவர்களில் ஏறத்தாழ 1,000 பேருக்கு மட்டுமே கூடுதல் ஆங்கிலப் பாடம் கிடைத்தது என்றும், சுமார் 1,800 பேருக்கு எந்த உதவியும் இல்லை என்றும் நீதிமன்றத்தில் பதிவானது. அந்த 1,800 பேரில் ஒரு பிள்ளையின் நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் மணி அடிக்கிறது. ஆசிரியர் பேசுகிறார், பலகையில் எழுதுகிறார், மற்றவர்கள் கை தூக்குகிறார்கள், சிரிக்கிறார்கள். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைதான், ஆனால் கணக்கு வாக்கியமாக வரும்போது தோற்றுவிடுகிறது. 6 வயது முதல் 16 வயது வரை பள்ளிக்கு வந்தே தீர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். போதிய ஆங்கிலம் இல்லாமல் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இல்லை என்பதும் அதே மாநிலத்தின் சட்டம்தான். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் மாவட்டத்தின் பக்கம் நின்றன: எல்லோருக்கும் அதே ஆசிரியர், அதே புத்தகம், பிள்ளைகள் கொண்டுவரும் குறைகளைப் பள்ளி உண்டாக்கவில்லை. 1974 ஜனவரி 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இதை மாற்றியது. ஒரே புத்தகத்தைக் கையில் கொடுப்பது சமத்துவம் ஆகாது என்று நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதினார். பள்ளி கற்பிக்க வேண்டியதையே பள்ளியில் பயன்பெறும் தகுதியாகக் கேட்பது எவ்வளவு தவறு என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். எந்த முறையில் கற்பிப்பது என்று தீர்ப்பு கட்டளையிடவில்லை; ஏதாவது செய்தாக வேண்டும் என்றது. அதையொட்டி 1975இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டல், பிள்ளை முதலில் கற்ற மொழி, அதிகம் பேசும் மொழி, வீட்டில் புழங்கும் மொழி ஆகிய மூன்றையும் முதலில் கேட்டறியச் சொன்னது. அந்தப் படிவம் வந்த வழி இது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நூறு ஆண்டுக்கு முன் நியூயார்க்கில் வந்திறங்கிய இத்தாலிய, யூதப் பிள்ளைகளுக்கு யார் படிவம் நீட்டினார்கள், அவர்கள் முன்னேறவில்லையா என்று கேட்பார்கள். முன்னேறினார்கள், ஆனால் அவர்களை முன்னேற்றியது பள்ளி என்று சொல்லிவிட முடியாது. ஆங்கிலம் தெரியாத பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஆறு வயதுக் குழந்தைகளோடு முதல் வகுப்பில், கால் மடங்காத குட்டி மேசையில் உட்கார வைத்த நகரம் அது. அந்தக் கொடுமையைத் தாங்க முடியாமல்தான் 1900களின் தொடக்கத்தில் நியூயார்க் பள்ளிகளே புதிதாக வந்தவர்களுக்குத் தனி ஆங்கில வகுப்புகளைத் திறந்தன. மேலும், 1910இல் அமெரிக்க இளைஞர்களில் பத்தில் ஒருவர்கூட உயர்நிலைப் பள்ளியை முடிக்கவில்லை. படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு ஆலையில், துறைமுகத்தில் வேலை இருந்தது. அதனால் பள்ளியின் தோல்வி கண்ணுக்குத் தெரியவில்லை. சான்றிதழ் இல்லாமல் கூலி உயராது என்ற காலம் வந்தபின் அந்தப் பழைய கதையை உதாரணம் காட்டுவது பொருந்தாது.

இரண்டாவது மறுப்பை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். தனி வகுப்பு என்று பிரித்தால் பிள்ளை அங்கேயே தேங்கிவிடும் என்பது அது. உண்மைதான், தேங்கிய பிள்ளைகள் உண்டு. 1998இல் கலிபோர்னிய வாக்காளர்களில் ஏறத்தாழ 61 சதவீதம் பேர், இருமொழிக் கல்வி வேண்டாம், பொதுவாக ஓராண்டுத் தீவிர ஆங்கிலம் போதும் என்று வாக்களித்ததற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். ஆனால் ஓராண்டு என்ற கணக்கு எதைக் கொண்டு வந்தது? டொரான்டோ ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ், குடியேறிய பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானப் பேச்சு இரண்டு ஆண்டுகளில் வந்துவிடுகிறது, பாடப்புத்தக மொழியில் சக மாணவரை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகிறது என்று காட்டினார். ஊரார் சொல்லும் ஆறு மாதத்தின் உண்மையும் பொய்யும் இதிலேயே இருக்கிறது: காதில் விழுவது மைதான ஆங்கிலம், பரீட்சை கேட்பது மற்றது. தேக்கத்துக்கு மருந்து உதவியை நிறுத்துவது அல்ல, அளந்து பார்ப்பது. இத்தகைய மொழித் திட்டங்கள் பற்றிய காஸ்டனேடா வழக்கில் 1981இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத்தான் சொன்னது: திட்டம் நல்ல கோட்பாட்டில் நிற்க வேண்டும், ஆளும் பணமும் போட்டு நடத்த வேண்டும், பலன் தராவிட்டால் மாற்ற வேண்டும். 2016இல் அதே கலிபோர்னிய வாக்காளர்கள், 73 சதவீதத்துக்கு மேல், 1998ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள்.

இன்னொன்று. 1974ஆம் ஆண்டுத் தீர்ப்போடு உடன்பட்ட நீதிபதி பிளாக்மன், எண்ணிக்கைதான் தனக்கு முக்கியம், ஒரே ஒரு பிள்ளை என்றால் இதே முடிவு என்று கொள்ள வேண்டாம் என்று தனியே எழுதினார். சிற்றூர்ப் பள்ளியில் தமிழ் பேசும் ஒரே பிள்ளையாக உட்கார்ந்திருப்பவருக்கு இது கலக்கம் தரும் வரி. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சமக் கல்வி வாய்ப்புச் சட்டம், மொழித் தடையைக் களையத் தவறுவதை ஒரு தனி நபருக்கு இழைக்கும் அநீதியாகவே வரையறுத்தது. 1,800 பேர் வேண்டியதில்லை, ஒருவர் போதும். நம்மவர்களில் சிலர், பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சி அந்தப் படிவத்தில் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளை சோதனையில் தேறி வழக்கமான வகுப்புக்கே போகும்; தெரியாத பிள்ளைக்குப் பள்ளி கடன்பட்டிருக்கிறது. வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள் என்றால் தமிழ் என்றே எழுதுங்கள்.