எள்ளலும் சித்திரக்கதையும்

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்து, அஃது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின்வழிப் பிறக்கும் என்றார். எள்ளலுக்கு உரை கண்ட பேராசிரியர், தான் பிறரை எள்ளுவதையும் பிறர் தன்னை எள்ளுவதையும் பிரித்துக் காட்டுகிறார். எள்ளப்படுவோனுக்கும் ஒரு நிலை உண்டு என்னும் இந்நுட்பத்தைச் சித்திரக்கதைகள் நெடுங்காலம் மறந்திருந்தன. தன்பாலீர்ப்புடையோரையும் பெண்தன்மை மிக்க ஆடவரையும் அவை நடத்திய முறையே இதற்குச் சான்று.

பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மால் வார இறுதிச் சந்தையில் பழைய ஆங்கிலக் காமிக்ஸ் ஏடுகளைப் புரட்டியவர்கள், அட்டையின் மேல் மூலையில் அஞ்சல்தலை போன்ற சிறு முத்திரையைக் கண்டிருப்பர். அமெரிக்கப் பதிப்பாளர்கள் 1954-இல் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நெறிமுறையின் அடையாளம் அது. அவ்வாண்டில்தான் பிரெடரிக் வெர்த்தம் என்னும் மனநல மருத்துவர், பேட்மேனும் ராபினும் ஒரே இல்லத்தில் வாழும் கதைகள் சிறுவர் உள்ளத்தில் தன்பாலீர்ப்பைத் தூண்டும் என நூலெழுதி அச்சமூட்டினார். நெறிமுறையும் அவ்வீர்ப்பைப் பிறழ்வு எனக் கொண்டு, குறிப்பால் உணர்த்துவதையும் விலக்கியது. விளைவு யாது? அத்தகையோர் மதிப்புக்குரிய மாந்தராக ஏட்டில் நுழைய வழியில்லாது போயிற்று. ஒயிலாக நடந்து, கைக்குட்டை அசைத்து நகைப்பூட்டும் ஆடவனோ, பெயர் சுட்டப்படாத வரையில், முத்திரையைக் கடந்து சென்றான்.

1989-இல் நெறிமுறை திருத்தப்பட்டு அவ்விலக்கு நீங்கியது. 1992-இல் மார்வெல் நிறுவனத்தின் நார்த்ஸ்டார் என்னும் வீரன் தன் இயல்பை வாய்விட்டுச் சொன்னான். 2010-இல் ஆர்ச்சி கதைகளில் கெவின் கெல்லர் என்னும் மாணவன் வந்தான். அவன் இயல்பறியாது அவனைக் காதலித்துத் திரியும் வெரோனிக்காவின் பேதைமையே அக்கதையில் நகைக்குக் களன். எள்ளல் விலகிப் பேதைமை வந்தது! தொல்காப்பியர் கண்டால் முறுவலித்திருப்பார்.

எனினும் கெவினின் திருமணம் இடம்பெற்ற தொகுப்பை அண்டை நாடான சிங்கப்பூர் தடை செய்த செய்தி 2014-இல் வெளிவந்தது. நம் நாட்டில் 2017-இல் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' திரைப்படம் சிக்கலுக்குள்ளாயிற்று. 1991-இன் கேலிச்சித்திரப் படத்தில் அடிவாங்கிச் சிரிப்பூட்டிய கோமாளி லஃபூ, புதிய படத்தில் ஆடவன்பால் அன்புடையவனாகக் காட்டப்பட்டான். தணிக்கைக் குழு சில நிமிடங்களை வெட்டச் சொன்னது, டிஸ்னி மறுத்தது, இரு வாரத் தாமதத்தின்பின் வெட்டின்றியே படம் திரையேறியது. கோமாளியாக மட்டும் இருந்தவரை அவனுக்கு இடரில்லை என்பது எண்ணத்தக்கது.

தமிழிற் சித்திரக்கதை பெரும்பாலும் சாகசக் கதையாகவே வளர்ந்தது. 1972-இல் சிவகாசியில் தோன்றிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவிக்கு இவ்வகைக் கேலி தேவைப்படவில்லை. நம்மவர் அதனைக் கற்றது திரைப்படத்தின் நகைச்சுவைப் பகுதியில். 'ஒன்பது' என்னும் எண் வசைச்சொல்லாகி வகுப்பறைக்குள்ளும் புகுந்தது. வாய்பாடு ஒப்பிக்கையில் அவ்வெண்ணுக்குச் சிரிப்பலை எழுவதை ஆசிரியர் பலர் அறிவர். அப்போது தலைகுனிந்த மாணவன் எவன் என நோக்கியோர் சிலரே.

மாற்றம் பெயரிலிருந்து தொடங்கிற்று. மலேசியாவில் 1980களில் திருநங்கையர், 'பொண்டான்' என்னும் இழிசொல்லை மறுத்து 'மாக் ஞா' எனத் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டனர். தமிழகத்தில் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' 2007-இல் வெளிவந்தது. 2008-இல் நலவாரியம் அமைந்தது. 'திருநங்கை' என்னும் சொல் பழைய வசைகளை ஒதுக்கியது. 2015-இல் ஷங்கரின் 'ஐ' படத்தில் ஒப்பனைக் கலைஞர் பாத்திரத்தைக் கேலி செய்ததற்காகத் திருநங்கையர் சென்னையில் போராடினர். பத்தாண்டுகட்கு முன்னாயின் அக்காட்சி கைதட்டலோடு முடிந்திருக்கும். 2022-இல் தமிழ்நாடு அரசு, சென்னை உயர்நீதிமன்ற ஆணையை ஒட்டி, மதிப்புக்குரிய சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவோ இன்றும் மாறாது நிற்கிறது.

பழைய ஏடுகளை நூலகத்தினின்று அகற்றுக என்பார் உளர். அது வெர்த்தத்தின் வழி, எமக்கு உடன்பாடில்லை. முத்திரை தாங்கிய பழைய ஏடொன்றையும் 2010-இன் ஆர்ச்சியையும் அருகருகே வைத்து, இரண்டிலும் நகை எந்த நிலைக்களத்திற் பிறக்கிறது என மாணவரைக் கேட்கலாம். மெய்ப்பாட்டியல் பாடமும் அத்துடன் நடந்தேறும்.