பதினாறு பதினொன்றான வரலாறு

சிங்கப்பூரில் காவடி எடுக்கும் தொழிலாளி, தைப்பூசத்தன்று தம் வருடாந்தர விடுப்பில் ஒரு நாளைச் செலவிட வேண்டும். பணியின் முதலாண்டில் சட்டம் உறுதிசெய்யும் விடுப்போ ஏழே நாள். எக்காலத்தும் இவ்வாறே இருந்ததென மாணவர் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. 1968ஆம் ஆண்டுவரை தைப்பூசம் இந்நாட்டின் பொது விடுமுறை நாள்களுள் ஒன்றாக விளங்கியது.

அவ்வாண்டு ஜனவரியில், பிரிட்டன் 1971ஆம் ஆண்டின் இறுதிக்குள் தன் படைகளை இத்தீவிலிருந்து மீட்டுக்கொள்ளப்போவதாக அறிவித்தது. படைத்தளங்களை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கின. அவர்கட்கு மாற்று வேலை வேண்டுமாயின் வெளிநாட்டு முதலீட்டாளர் இங்கே தொழிற்சாலைகளை நிறுவ வேண்டும். அவர்கள் வர வேண்டுமாயின் உற்பத்திச் செலவு குறைய வேண்டும். அரசின் கணக்கு இது. 1968 ஆகஸ்டு 15ஆம் நாள் நடப்புக்கு வந்த வேலை நியமனச் சட்டம் அக்கணக்கின் பயனே. வார வேலை நேரம் 44 மணியாயிற்று. அவ்வாண்டிலேயே விடுமுறை நாள்களும் 16இலிருந்து 11ஆகக் குறைந்தன.

எவற்றை விடுவது? முஸ்லிம்கள் நபிகள் நாயகத்தின் பிறந்தநாளை விட்டுக்கொடுத்தனர். கிறிஸ்துவர்கள் புனித வெள்ளிக்கு மறுநாளையும் ஈஸ்டர் திங்களையும் விட்டனர். இந்துக்கள்முன் நின்றவை தீபாவளியும் தைப்பூசமுமே. தீபாவளி நிலைத்தது, தைப்பூசம் நீங்கியது.

இவற்றை விட்ட பின்னரும் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்துவர்களுக்கும் இவ்விரு நாள்கள் எஞ்சின. இந்துக்களுக்கு ஒன்றே எஞ்சியது. விசாக நாள் ஒன்றையே உடைய பௌத்தரையும் இங்கு நினைத்தல் நேர்மை. தீபாவளியைத் தமிழரேயன்றிப் பிற இந்தியரும் கொண்டாடுவர். தைப்பூசமோ பெரிதும் தமிழர் விழா. தேர்வுக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து. ஆயினும், வீட்டுக்குள் எளிதாய் அடங்கும் விழாவுக்கு விடுமுறை கிடைத்து, பகலெல்லாம் வீதியில் நடக்க வேண்டிய விழாவுக்கு அது போனதை முரண் என்னாமல் வேறென்னென்பது?

சட்டம் ஒரு வாயிலைத் திறந்தே வைத்துள்ளது. முதலாளியும் தொழிலாளியும் இசைந்தால் ஒரு விடுமுறை நாளுக்கு ஈடாக வேறொரு நாளைக் கொள்ளலாம். ஆனால் அந்த இசைவு கேட்பவரின் துணிவையும் கேட்கப்படுபவரின் மனத்தையும் பொறுத்தது. அனுமதியின்றி விடுமுறைக்கு முந்திய நாளோ பிந்திய நாளோ வேலைக்கு வாராதவர் அவ்விடுமுறைக்குரிய ஊதியத்தையும் இழப்பார் என்பது அதே சட்டத்தின் மற்றொரு விதி.

பாலத்துக்கு அப்பால் சிலாங்கூர், பினாங்கு முதலிய மாநிலங்களில் தைப்பூசம் விடுமுறையாகத் தொடர்ந்தது. 2008இல் கோலாலம்பூரும் சேர்ந்தது. இங்கே 2015இல் கோரிக்கை மீண்டும் எழுந்தபோது, ஒரு விழாவைச் சேர்த்தால் ஏனைய சமூகங்களின் கோரிக்கைகளும் எழும் என மனிதவள அமைச்சு விடையளித்தது.

சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் பால்குடங்கள் விடியுமுன்பே புறப்பட்டுவிடுகின்றன. தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டுகளில் அவற்றைச் சுமப்போருள் பலருக்கு விடுப்புக் கேட்கும் வேலை இல்லை.