கம்பத்தைத் தாங்கும் மூன்று கயிறுகள்

விசைகளின் சமநிலையைப் பற்றி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். திருவிழாவுக்கு நிறுத்தும் கம்பத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். தரைமேல் நிறுத்திய கம்பத்தை ஒரே கயிற்றால் இழுத்துக் கட்டினால், அது கயிறு இழுக்கும் பக்கமே சாய்ந்துவிடும். எதிரெதிராக இரண்டு கயிறுகள் கட்டினால் அந்த இரு திசைகளிலும் சாயாது. ஆனால் பக்கவாட்டில் காற்று அடித்தால் விழுந்துவிடும். மூன்று கயிறுகளை மூன்று பக்கமும் பரப்பிக் கட்டினால்தான் எத்திசைக் காற்றையும் தாங்கும்.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவன் தயங்கியபடி என்னிடம் வந்தான். "சார், எங்க அப்பா ஆஸ்பத்திரியில இருந்து குடியை விட்டுட்டுத்தான் வீட்டுக்கு வந்தாங்க. வந்த மூணாவது வாரமே மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க. அப்ப அந்த வைத்தியம் பொய்யா?" என்று கேட்டான்.

வைத்தியம் பொய்யல்ல, கட்டியது ஒரு கயிறுதான் என்று அவனுக்குச் சொன்னேன். அந்தப் பதிலை விளக்க வேண்டுமானால் ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். அதில் ஒரு பகுதி நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே நடந்தது.

மூளையில் நடப்பது என்ன?

மது நரம்பு மண்டலத்தின் வேகத்தைத் தணிக்கும் பொருளாகும். அது நாள்தோறும் உடலுக்குள் வந்துகொண்டிருந்தால், அதை ஈடுகட்ட மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. திடீரென்று மது நின்றுவிட்டால் தணிப்பு போய், கூட்டி வைத்த கிளர்ச்சி மட்டும் எஞ்சுகிறது. கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை ஆகியவை தோன்றுகின்றன. சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர், மருத்துவரைக் கேளாமல் தாமாகவே திடீரென்று நிறுத்துவது நல்லதல்ல.

இந்தக் கட்டம் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் கடந்துவிடும். ஆனால் குடித்த இடம், குடித்த வேளை, கூட இருந்த நண்பர்கள் ஆகியவற்றோடு மூளை ஏற்படுத்திக்கொண்ட தொடர்பு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. மருத்துவமனைக்குள் அந்தக் கடைத்தெரு இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அது இருக்கிறது! மனச்சிதைவு போன்ற நோய்களிலும் இதே நிலைதான். மருந்து நோயைக் கட்டுப்படுத்தும். ஆனால் மருந்தை விடாமல் சாப்பிட வைப்பதும், மீண்டும் ஒரு வேலையில் அமர வைப்பதும் மாத்திரையால் ஆகும் காரியங்கள் அல்ல.

சுவர்களின் காலம்

சென்னையில் மனநோயாளிகளுக்கான காப்பகம் 1794-ஆம் ஆண்டில் தொடங்கியது. 1871-இல் அது கீழ்ப்பாக்கத்திற்கு மாறியபோது அங்கிருந்தவர்கள் 145 பேர். இன்றைய அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு இங்கிருந்துதான் வருகிறது. அக்காலத்தில் பயன்தரும் மருந்து எதுவும் கிடையாது. நோயாளியை ஊரிலிருந்து பிரித்துச் சுவருக்குள் வைப்பதே சிகிச்சையாகக் கருதப்பட்டது. உள்ளே போனவரை உறவினர் மறந்துவிடுவதும் உண்டு. மனநோய்க்கான முதல் திறன்மிக்க மருந்தாகிய குளோர்புரோமசின் 1952-இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது.

குடும்பம் உள்ளே வந்தது

ஏறக்குறைய அதே காலத்தில் பஞ்சாபின் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் ஒரு புதுமை செய்தார். மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளிகளின் குடும்பத்தாரை அங்கேயே தங்க வைத்தார். நோய் என்ன, நோயாளியை எப்படிக் கவனிப்பது என்பதை அவர்கள் கண்ணால் கண்டு கற்றனர். தேறியவரை அவர்களே அழைத்துச் சென்றனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் தொடங்கிய மனநல மையத்திலும் குடும்பத்தார் நோயாளியுடன் தங்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. மேலைநாடுகளில் பார்வை நேரம் குறித்து உறவினரை வெளியே நிறுத்திய காலத்தில் இங்கே இவ்வாறு நடந்தது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

கூட்டாளி கிடைத்தார்

மூன்றாவது கயிறு அமெரிக்காவில் கிடைத்தது. 1935-ஆம் ஆண்டில் அக்ரான் நகரில், குடியை விடப் போராடிய பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் சுமித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்தனர். ஒரு குடிநோயாளிக்கு இன்னொரு குடிநோயாளி உதவும்போது இருவருமே நிதானமாக இருக்க முடிகிறது என்று கண்டனர். இதிலிருந்து பிறந்ததே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' எனும் இயக்கம். 1957-இல் இது இந்தியாவிலும் வேரூன்றியது. இதில் கட்டணம் இல்லை, முழுப்பெயரும் கேட்பதில்லை. இது வெறும் நம்பிக்கைதானா என்று கேட்கலாம். 27 ஆய்வுகளை, ஏறத்தாழ 10,500 பேரின் அனுபவத்தை, ஒருங்கே சீர்தூக்கிய மதிப்பீடு 2020-இல் வெளிவந்தது. குடியை அறவே விட்டிருப்பதில், இவ்வியக்கத்தோடு இணைக்கும் முறைப்படுத்திய சிகிச்சை, மற்ற பல சிகிச்சைகளைவிட நல்ல பலன் தருவதாக அது காட்டியது.

தமிழ்நாட்டில் இப்பணிக்கு வழி திறந்தவர் திருமதி சாந்தி ரங்கநாதன். குடிநோயால் கணவரை 1979-இல் இழந்த அவர், அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1980-இல் சென்னையில் கணவர் பெயரால் அமைந்த அறக்கட்டளையின் மூலம் சிகிச்சைப் பணியைத் தொடங்கினார். சிகிச்சைக்காகச் சென்னை வர இயலாத ஏழைகள் என்ன செய்வார்கள்? அதற்கு விடையாக 1989-இல், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் மஞ்சக்குடி கிராமத்திலேயே சிகிச்சை முகாம் நடத்தப்பட்டது. இடமும் ஏற்பாடும் ஊரார் பொறுப்பு. மருத்துவமும் ஆலோசனையும் வந்தவர்கள் பொறுப்பு. மனைவிமாருக்கும் தனியே ஆலோசனை வழங்கப்பட்டது. முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து கண்காணிப்பு நடந்தது. சிகிச்சை பெற்றவர் தேற வேண்டும் என்பதில் ஊருக்கே ஒரு பங்கு இருந்தது. இந்த அனுபவம் 1994-இல் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியாயிற்று.

கயிறு இல்லாத இடத்தில் சங்கிலி

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள். நமக்கு அடுத்துள்ள இராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த கீற்றுக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றிக் கருகினர். 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்லர். மருத்துவரும் கிடைக்காமல், அண்டை அயலாரின் துணையும் இல்லாமல், களைத்துப்போன குடும்பங்கள் அவற்றுள் பல. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. சமுதாயத்தில் மற்றவரோடு வாழும் உரிமையையும் அவருக்கு அளிக்கிறது.

புதுக்கோட்டைக்கு வந்த பேருந்து

கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைவராக 1961 முதல் 1978 வரை இருந்த டாக்டர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984-இல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு நோய் ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். 2010-இல் இந்நிறுவனம் நம் மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. அதற்குள்ளே ஓர் ஆலோசனை அறை, ஒரு மருந்தகம், ஒரு திரை. நோயாளி குடும்பத்தாரோடு உள்ளே அமர்வார். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையில் இருந்தபடி மனநல மருத்துவர் திரையில் தோன்றிப் பேசுவார். மருந்து அங்கேயே வழங்கப்படும். ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணமும் கொடுத்து நகரத்துக்குப் போக வேண்டியதில்லை.

அறிவியல் மாணவர்களுக்குத் திரையும் செய்தித்தொடர்பும் வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அந்தத் திட்டத்தின் உயிர் உள்ளூர்ப் பணியாளர்களிடம்தான் இருந்தது. வீட்டுக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்தவரைக் கண்டறிந்தவர்கள், மருந்தை நிறுத்தியவரின் வீட்டுக்குச் சென்று பேசியவர்கள் அவர்களே. வீடு வீடாகப் போகும் பணி இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, நம் பெண்கள் சைக்கிள் கற்று ஊர் ஊராகச் சென்றதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நாம் செய்ய வேண்டியது

மருத்துவம், குடும்பம், அதே பாதையில் நடந்த தோழர் ஆகிய மூன்று கயிறுகளும் இருநூறு ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. மனைவி எவ்வளவு அன்பு காட்டினாலும் வலிப்பைத் தடுக்க முடியாது. மருத்துவர் எவ்வளவு திறமையானவராயினும் மாலை ஆறு மணிக்கு வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார முடியாது. அந்த வேளையில் பேச, குடியை விட்ட இன்னொருவர் வேண்டும். தாங்கும் குடும்பத்துக்கும் ஒரு துணை வேண்டும் என்பதை மறக்கலாகாது. மீண்டும் குடித்துவிட்டால் அதைத் தோல்வியென்று கைவிடாமல், நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை ஏறியது போலக் கருதி, மீண்டும் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணிலும், போதைப் பழக்க மீட்புக்கு 14446 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

அந்த மாணவனின் தந்தை மறுபடியும் சிகிச்சைக்குச் சென்றார். இம்முறை அவன் தாயும் சித்தப்பாவும் உடன் போனார்கள். ஊர் திரும்பியபின், பல ஆண்டுகளாகக் குடியைத் தொடாத ஒருவர் மாலையில் வந்து அவரோடு டீ குடித்துவிட்டுப் போகிறார். மருந்து வாங்கப் போக வேண்டிய நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பது மாணவனின் பொறுப்பு. எத்தனை நாளைக்கு இப்படி என்று அவன் கேட்டான். "குழியில் போட்ட காங்கிரீட் இறுகும் முன்னே கயிற்றை அவிழ்ப்பார்களா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே போனான்.