ரே ஸ்பூன்: 'அவர்' என்ற ஒரு சொல்

ஒருவரைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே முடிவு செய்தாக வேண்டும்: பாடினானா, பாடினாளா, பாடினாரா? ரே ஸ்பூன் பற்றிக் குறிப்பு எடுத்தபோது எனக்கு இது ஒரு நொடியில் முடிந்துவிட்டது. அவருக்கு முடிய பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

ரே ஸ்பூன் கனடாக்காரர். 1982இல் பிறந்தவர், ஆல்பர்ட்டா மாகாணத்தின் கால்கரியில் வளர்ந்தவர். மாட்டுப் பண்ணை, எண்ணெய்க் கம்பெனிகள், 1912இல் தொடங்கிய 'ஸ்டாம்பீட்' ரோடியோ திருவிழா என்று பேர் வாங்கிய ஊர் அது. தொப்பியும் பூட்ஸும் போட்ட கவ்பாய்தான் அங்கே ஆம்பளைக்கு இலக்கணம். வீடோ கறாரான பெந்தெகொஸ்தே குடும்பம். அதில் பெண் பிள்ளையாக வளர்க்கப்பட்டார்.

இருபது வயதை ஒட்டி, தான் திருநம்பி என்று வெளிப்படையாகச் சொன்னார். பாட எடுத்துக்கொண்டதோ கன்ட்ரி இசை! யாரை விட்டு ஓடினாரோ அவங்க பாட்டையே கையில் எடுத்த மாதிரி. 2003இல் 'த்ரோ சம் டர்ட் ஆன் மீ', 2005இல் 'யுவர் ட்ரெய்லர் டோர்' என்று ஆல்பங்கள் வந்தன.

முதலில் எனக்கும் இது விநோதமாகத்தான் பட்டது. யோசித்தால் அப்படி இல்லை. கன்ட்ரி பாட்டில் வருவது என்ன? விட்டு வந்த வீடு, அம்மா, சர்ச், நீண்ட ரோடு, கைவிட்ட காதல். சொந்த வாழ்க்கையை ஒளிக்காமல் பாடணும் என்பதுதான் அந்த இசையின் எழுதாத சட்டம். ரேவிடம் இதெல்லாமே இருந்தது. அந்தப் பாட்டை யார் பாடலாம் என்பதில்தான் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது.

2008இல் வந்த 'சுப்பீரியர் யூ ஆர் இன்ஃபீரியர்' ஆல்பத்தில் கன்ட்ரியை விட்டு இண்டி இசைப் பக்கம் நகர்ந்தார். அப்புறம் மின்னணு இசைக்கும் போனார். பாலின விஷயத்திலும் இதேதான் நடந்தது. 'ஹீ' என்று பத்து வருஷம் போல வாழ்ந்தவர், 2012 வாக்கில் ஆண், பெண் இரண்டுமே வேண்டாம், 'தே' என்று அழைத்தால் போதும் என்றார். எழுத்தாளர் ஐவன் கயோட்டியுடன் சேர்ந்து 2014இல் எழுதிய புத்தகத்துக்கு 'ஜெண்டர் ஃபெயிலியர்' என்றே பெயர். பாலினத்தில் ஃபெயில்! மற்றவர்கள் சொல்லும் முன்னாடி தானே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

ஆனால் ஊரை அவர் மறக்கவில்லை. 2012இல் 'ஃபர்ஸ்ட் ஸ்பிரிங் கிராஸ் ஃபயர்' என்ற கதைப் புத்தகத்தில் அந்த மதக் குடும்பத்துப் பிள்ளைப் பருவத்தை எழுதினார். 2013இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 'மை ப்ரெய்ரி ஹோம்' ஆவணப்படத்தைத் தயாரித்தது. இயக்கம் செல்சீ மெக்மல்லன். கிட்டாரோடு பஸ் ஏறி, அதே சமவெளியைக் கடந்து போகிறார், பாடுகிறார். படத்தின் பெயரிலேயே 'என் வீடு' இருக்கிறது.

ஆங்கிலத்தில் ஒரே ஆளை 'தே' என்று சொல்ல வைக்க இன்னும் வாதாட வேண்டியிருக்கிறது. நமக்கு 'அவர்' ரெடியாக இருக்கிறது. நம் மொழி முன்னாடியே தயார் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அது சுருங்கிவிட்டது. 'அவர்' என்பது தூரத்து மரியாதை. சொந்தப் பிள்ளையை யாரும் 'அவர்' என்பதில்லை. வாடா, வாடி என்றுதான் கூப்பிடுகிறோம். நெருங்க நெருங்க ஆணா பெண்ணா என்று சொல்லியே ஆகணும்.

ரேவின் பாட்டுகளில் பாதி, மரியாதையைப் பற்றியது இல்லை, வீட்டைப் பற்றியது. அதற்கு நம்மிடம் என்ன சொல் இருக்கு என்று தேடினேன். எங்க பாட்டி பேரன் பேத்தி எல்லாரையும் ஒரே மாதிரிதான் கூப்பிடுவாங்க: "வா கண்ணு, சாப்பிடு."