கைப்பிரதியில் இருப்பது யார் கை?

பதிப்பகத்தாரிடம் 'கைப்பிரதி' என்றால், இன்னும் அச்சேறாத, கையால் எழுதிய படி என்று கொள்வார். பாளையங்கோட்டையில் ஒரு சபையாரிடம் அதே சொல்லைச் சொன்னால், கட்டுக்கட்டாக அச்சடித்துப் பேருந்து நிலையத்தில் கொடுக்கும் நாலு பக்கத் தாள்தான் அவருக்கு நினைவுக்கு வரும். அதைக் கொடுப்பதற்குக் 'கைப்பிரதி ஊழியம்' என்று பெயரும் உண்டு. ஒன்றில் எழுதிய கை, மற்றதில் கொடுக்கும் கை. இந்தப் பொருளின் வரலாற்றில் இரண்டு கைகளுக்குமே இடம் இருக்கிறது.

1706இல் தரங்கம்பாடியில் கால்வைத்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவிடம் அச்சுப்பொறி இல்லை. எழுத்தர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி ஓலையில் படியெடுக்கச் செய்தார். தமிழ் அச்செழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்து சேர்ந்தது 1713இல். அந்த ஆண்டே 'அக்கியானம்' என்ற சிறுநூல் அச்சாயிற்று; புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவருவதற்கு முன்பே துண்டுநூல் வந்துவிட்டது. வந்த எழுத்துகளோ மிகப் பெரியவை, தாளை விழுங்கின. எனவே சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்தார்கள். அதற்கு ஈயம் கிடைத்தது, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் உறைகளிலிருந்து. மலிவாகக் கொடுக்க வேண்டிய ஒன்றுக்கு எழுத்தின் அளவே முதல் கேள்வி என்பதால் இதை நான் சிறு செய்தியாக எண்ணவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஓலையின் காலம் இன்னும் நீண்டது. அமெரிக்க மிஷனுக்காக 1820இல் வந்த அச்சாளர் காரெட்டை இலங்கை அரசு தங்கவிடவில்லை. மானிப்பாயில் அச்சகம் இயங்கத் தொடங்கியது 1830களில்தான். அதற்கிடையில் பிரசங்கத் துண்டுகளை ஓலையில் எழுதிக் கொடுத்தார்கள். அவை இரண்டு பொருளிலும் கைப்பிரதிகள்.

இப்படிக் கொடுக்கும் தாளுக்கு ஆங்கிலத்தில் 'டிராக்ட்' என்று பெயர். ஒரு பொருளை எடுத்து விரிவாகக் கையாளுதலைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; தடித்த ஆய்வுநூலுக்கு வழங்கிய பெயர் சுருங்கிச் சுருங்கி ஒற்றைத் தாளுக்கு வந்து நின்றது. அதை ஒரு தொழிலாகவே ஆக்கியது 1799இல் லண்டனில் பிறந்த சமயத் துண்டுநூல் சங்கம். சென்னையில் அதே வகைச் சங்கம் 1818இல் தோன்றியது.

கிறிஸ்தவப் பிரசாரத்தை எதிர்த்தவர்களும் இந்த வடிவத்தையே கையில் எடுத்தார்கள். பெர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1849இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் சொந்த அச்சகம் நிறுவினார். 1854இல் அவருடைய மறுப்புநூல் 'சைவதூஷண பரிகாரம்' வெளிவந்தது. 1887இல் சென்னையில் தோன்றிய எதிர்ச்சங்கம் தன் பெயரையே 'இந்து டிராக்ட் சொசைட்டி' என்று வைத்துக்கொண்டது. பிறகு அரசியல் இயக்கங்கள் வந்தன. அவற்றின் கையில் அது 'துண்டுப்பிரசுரம்' ஆனது. 'கைப்பிரதி' சபையாரிடமே தங்கிவிட்டது.

படித்ததும் மடித்துப் போட்டுவிடுகிற தாள் என்பதால் பழைய கைப்பிரதிகள் வேகமாக அழிகின்றன. சாதாரண மக்களுக்கு எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையை அறிய அவை முதன்மைச் சான்று. வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்துத் தாள் ஒன்று கிடந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்தில் முதலில் காட்டுங்கள்.